ரியூனியன் தீவில் குடும்பத்துடன் ஜியோகேச்சிங்: எரிமலை நிலத்தில் எதைத் தேடலாம், எங்கே கவனம் வேண்டும்?

வழித்துணை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாரிஸ் புறநகரில் வசிக்கும் நாங்கள் சில ஆண்டுகளாகக் குடும்பமாக ஜியோகேச்சிங்கில் ஈடுபட்டு வருகிறோம். இந்தப் பொழுதுபோக்கை அறியாத உறுப்பினர்களுக்காக ஒரு சிறு விளக்கம்: ஒருவர் ஒரு பெட்டியை எங்காவது ஒளித்து வைத்து அதன் ஆள்கூறுகளை (அட்ச, தீர்க்க ரேகை எண்களை) இணையத்தில் வெளியிடுவார், மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையுடன் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் பதிவேட்டில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் குறிகைகளில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை நீக்கியது. அடுத்த ஓரிரு நாளிலேயே ஓரிகன் மாநிலத்தில் முதல் பெட்டி மறைத்து வைக்கப்பட்டது. இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கான பெட்டிகள் இருக்கின்றன.

வரும் ஆகஸ்ட் விடுமுறையில் இரண்டு கிழமைகளுக்கு இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உரிய ரியூனியன் தீவுக்குச் செல்லவிருக்கிறோம். நானும் மனைவியும் பதினொரு வயது மகளும் வருகிறோம். எங்கள் அனுபவம் எல்லாம் ஃபோந்தேன்புளோ போன்ற காடுகளிலும் ஆற்றங்கரைகளிலும் கிடைத்தது. வழி தவறினாலும் அரை மணி நேரத்தில் ஏதாவது ஒரு சாலையை அடைந்துவிடக்கூடிய நிலம் அது. உயிருள்ள எரிமலையும் ஆயிரம் மீட்டர் ஆழப் பள்ளத்தாக்குகளும் உள்ள தீவில் இதே பழக்கங்கள் போதுமா என்பதே என் முதற்கவலை. செங்குத்தான மலைச்சுவர்களுக்கு நடுவே ஜிபிஎஸ் எந்த அளவுக்கு நம்பத்தக்கது? எரிமலைக் கொப்பரைக்குள் (உச்சியைச் சூழ்ந்த பெரும் பள்ளத்துக்குள்) சிறுமியை அழைத்துச் செல்லலாமா? மஃபாத் பள்ளத்தாக்கில் ஓர் இரவு தங்கித் தேடுவது அவளால் முடியுமா?

இன்னொரு விருப்பமும் உண்டு. சேன் அந்த்ரே ஊரில் தமிழர் வழிவந்தவர்கள் கட்டிய கோயில்கள் இருப்பதாகப் படித்தோம். அவற்றுள் ஒன்றின் அருகே எங்கள் நினைவாக ஒரு பெட்டியை வைத்துவிட்டு வரலாமா? அங்கே வசிப்பவர்களோ சென்று வந்தவர்களோ வழிகாட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

புதுவைக்காற்று எழுதியது:

வணக்கம் தம்பி. நான் புதுச்சேரியில் பிறந்தவள். ஆசிரியப் பணிக்காக இத்தீவுக்கு வந்து, நீங்கள் குறிப்பிட்ட சேன் அந்த்ரேயில்தான் வசிக்கிறேன். ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்தது மிக நல்ல முடிவு. இங்கே அது குளிர்காலம். மழை குறைவு, புயல் பருவமும் இல்லை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வந்திருந்தால் உங்களுக்கு வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும். 1952 மார்ச்சில் சிலாவோஸில் ஒரே நாளில் 1870 மில்லிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய மழையில் காய்ந்து கிடக்கும் ஓடை சில நிமிடங்களில் சாலையையே மூடிவிடும்.

முதலில், பார்வைக்கு மிகச் சிறியதாகத் தோன்றும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் பழகிய கை, ஆள்கூற்றை உள்ளிடும்போது வடக்கு என்றே தொடங்கும். இத்தீவு இருப்பது தெற்கு 21 பாகையிலும் கிழக்கு 55 பாகையிலும். புதிர்ப் பெட்டி ஒன்றின் விடையைக் கண்டுபிடித்துக் கையால் உள்ளிடும்போது தெற்குக்குப் பதில் வடக்கு என்று போட்டுவிட்டால், அம்புக்குறி அரேபியாவின் ரூப் அல் காலி பாலைவனத்தை நோக்கி நிற்கும். அவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் பட்டுவிடும். ஆனால் நிமிடத்தின் தசம இலக்கங்களில் நேரும் பிழை அப்படிப் படாது. நிமிடத்தின் மூன்றாம் தசம இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக ஏறத்தாழ 1.85 மீட்டர் நகரும்; இரண்டாம் இலக்கம் மாறினால் பதினெட்டு மீட்டருக்கு மேல் நகரும். சமவெளியில் பதினெட்டு மீட்டர் ஒரு பொருட்டல்ல. இங்கே அது பாதைக்கும் பள்ளத்துக்கும் உள்ள இடைவெளியாக இருக்கக்கூடும். ஆகவே வீட்டிலேயே ஆள்கூறுகளைச் சரிபார்த்து, வரைபடத்தோடு கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் தொலைபேசி இணைப்பே கிடைக்காது.

ஜிபிஎஸ் குறித்துக் கேட்டிருந்தீர்கள். திறந்த கடற்கரையிலும் எரிமலைச் சமவெளியிலும் அது பாரிஸில் வேலை செய்வது போலவே வேலை செய்யும். மஃபாத், சலாசி, சிலாவோஸ் ஆகிய மூன்று பெரும் பள்ளத்தாக்குகளில் நிலைமை வேறு. செங்குத்து மலைச்சுவரின் அடியில் நிற்கும்போது வானத்தில் பாதி மறைந்துவிடுகிறது. எஞ்சிய செயற்கைக்கோள்களின் குறிகைகளும் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால், நீங்கள் அசையாமல் நிற்கும்போதே உங்கள் புள்ளி திரையில் அலையத் தொடங்கும். அப்படி அலையும்போது புள்ளியைத் துரத்த வேண்டாம். பாதையிலிருந்து இறங்காமல் நின்று, பெட்டி வைத்தவர் எழுதிய விளக்கத்தையும் குறிப்பையும் படியுங்கள். முன்பு கண்டுபிடித்தவர்களின் பதிவுகளையும் பாருங்கள். நிலச்சிரமம், அதாவது பெட்டியை அடையும் வழியின் கடினம், எத்தனை புள்ளி என்பதையும் மறக்காமல் பார்க்க வேண்டும். ஐந்தில் ஒன்றரைப் புள்ளி நிலச்சிரமம் என்று போட்டிருக்கும் பெட்டிக்காக நீங்கள் சரிவில் தொற்றிக்கொண்டிருந்தால், தவறான இடத்தில் இருக்கிறீர்கள் என்றே பொருள்.

எரிமலைக்கு வருவோம். பித்தோன் த லா ஃபூர்னேஸ் 2632 மீட்டர் உயரமுள்ளது. உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளுள் ஒன்று. ஆனாலும் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 1977-இல் எரிமலைக் குழம்பு பித்தோன் சேந்த் ரோஸ் ஊருக்குள் புகுந்த பிறகு, 1979-இல் ஆய்வகம் ஒன்றை நிறுவினார்கள். அன்று முதல் மலையின் அசைவுகள் தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றன. பொங்கும் அறிகுறி தெரிந்ததும் அரசு ஆணை வெளியாகும். பா த பெல்கோம்பில் கொப்பரைக்குள் இறங்கும் வாயில் அடைக்கப்படும். அந்த வாயில் அடைத்திருந்தால், உள்ளே எத்தனை பெட்டிகள் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். அதில் மறுபேச்சுக்கு இடமில்லை.

வாயில் திறந்திருக்கும் நாளில், மகளுடன் செல்ல ஃபோர்மிகா லெயோ மிகப் பொருத்தமானது. நீண்ட படிகளில் கொப்பரைத் தளத்துக்கு இறங்கிச் சிறிது நடந்தால், செந்நிறமும் மஞ்சளும் கலந்த அந்தச் சிறு எரிமலைக் கூம்பை அடைந்துவிடலாம். உச்சியிலுள்ள டோலோமியூ எரிமலை வாயின் விளிம்பிலுள்ள பார்வையிடம் வரை போய்வர ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். மகளுக்கு நீண்ட மலைநடைப் பழக்கம் இருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

அங்கே உண்மையான ஆபத்து நெருப்பன்று, மூடுபனி. விடியற்காலையில் வானம் தெளிவாக இருக்கும். பத்து மணியளவில் கடற்பக்கத்திலிருந்து மேகம் ஏறத் தொடங்கினால், கால்மணி நேரத்தில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. கறுத்த பாறை மேல் அடையாளமாக வெள்ளைச் சாயப் புள்ளிகள் இட்டிருக்கிறார்கள். ஒரு புள்ளியில் நின்றுகொண்டு அடுத்த புள்ளி தெரிந்தால் மட்டுமே நகர வேண்டும். ஒருவர் புள்ளியருகே நிற்க, மற்றவர் அடுத்ததைத் தேடட்டும். பெட்டி இருக்கும் இடம் அந்தப் புள்ளிகளின் வரிசையை விட்டு விலகியிருந்தால் அதைத் தேடாதீர்கள். உறைந்த குழம்பின் மேலோடு சில இடங்களில் மெல்லியது. அதன் அடியில் வெற்றிடம் இருக்கும்.

வெப்ப மண்டலம் என்று எண்ணி மெல்லிய உடையோடு வந்துவிட வேண்டாம். ஆகஸ்ட் விடியலில் பெல்கோம்பில் உறைபனி படிவதுண்டு. அன்று பிற்பகலே நீங்கள் கடற்கரையில் வெயிலில் நிற்பீர்கள். மாலை ஆறு மணியளவில் இருட்டிவிடும், அந்தியும் நீளாது. ஐரோப்பியக் கோடையில் இரவு ஒன்பது மணி வரை தேடிப் பழகியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நெற்றி விளக்கு எப்போதும் பையில் இருக்கட்டும்.

கோயில் பற்றி நீங்கள் கேட்டதற்குத் தனியாக எழுத வேண்டும். 1848 டிசம்பரில் அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழகத்து மக்கள் பெருமளவில் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் தோட்டங்களின் ஓரத்தில் எழுப்பிய வழிபாட்டிடங்களே இன்றைய கோயில்களுக்கு வேர். பெரும்பாலோர் இன்று தமிழ் பேசுவதில்லை. ஆனால் தீமிதிக்கு முன் அவர்கள் இருக்கும் நோன்பின் ஒழுங்கைப் பார்த்தால் மெய்சிலிர்க்கும். அந்தச் சூழலில் ஒரு வெளியாள் சன்னிதிக்குப் பின்புறம் குனிந்து எதையோ துழாவுவது அவர்களைப் புண்படுத்தும். பெட்டியை வைக்கும் நீங்கள் பணிவோடு நடந்துகொள்வீர்கள். பின்னர் தேடி வருபவர்கள் அனைவரும் அப்படியே இருப்பார்கள் என்று எப்படி உறுதி கூற முடியும்? சாலையோரங்களில் சிவப்புச் சாயம் பூசிய சிறு மாடங்களையும் காண்பீர்கள். அவை கத்தோலிக்கப் புனிதரான எக்ஸ்பெடிட்டுக்கு உரியவை. மக்கள் அவற்றை பக்தியோடும் அச்சத்தோடும் அணுகுகிறார்கள். அவற்றின் அருகேயும் எதையும் தொட வேண்டாம். கோயிலுக்கு வாருங்கள், காலணியைக் கழற்றிவிட்டு வழிபடுங்கள், பெரியவர்களோடு பேசுங்கள். பெட்டியை அங்கே கொண்டு போக வேண்டாம்.

கருங்கல் எழுதியது:

அம்மையார் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். நான் நிலவியல் பயின்றவன்; பயணமாக அத்தீவுக்குச் சென்றிருக்கிறேன். என் பரிந்துரை இதுதான்: எரிமலைத் தீவுக்குச் செல்லும்போது பெட்டிகளை இரண்டாம் இடத்தில் வைத்து, எர்த்கேச்களை முதலிடத்தில் வையுங்கள். எர்த்கேச்சில் பெட்டியே கிடையாது. ஆள்கூறு உங்களை ஒரு நிலவியல் காட்சிக்கு அழைத்துச் செல்லும். அங்கே பாறையைப் பார்த்து, தொட்டு, அளந்து, கேள்விகளுக்கு விடை கண்டு, அமைத்தவருக்கு அனுப்பிவிட்டுக் கண்டுபிடித்ததாகப் பதிவு செய்யலாம். அமெரிக்க நிலவியல் கழகத்தின் முயற்சியால் 2004-இல் இது தொடங்கியது. எதையும் விட்டுவருவதும் இல்லை, எடுத்துவருவதும் இல்லை என்பதால், பாதுகாக்கப்பட்ட நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை. ரியூனியனின் மலைகளும் பள்ளத்தாக்குகளும் 2007 முதல் தேசியப் பூங்காவாகவும் 2010 முதல் யுனெஸ்கோ உலக மரபுக்களமாகவும் காக்கப்பட்டு வருகின்றன.

பதினொரு வயதுச் சிறுமிக்கு அத்தீவு திறந்து கிடக்கும் ஒரு பாடநூல். தென்கிழக்கே கிரான் ப்ரூலே சரிவைக் கடந்து செல்லும் நெடுஞ்சாலையில், ஒவ்வொரு குழம்பு ஓட்டத்தின் அருகிலும் அது பாய்ந்த ஆண்டைக் குறிக்கும் பலகை நட்டிருக்கிறார்கள். ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது, எந்தச் செடி எந்த ஆண்டின் பாறையில் வளர்ந்திருக்கிறது என்று மகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் சாம்பல் நிறக் கற்பாசி பாறை முழுவதும் படரும். பிறகு விரிசல்களில் பன்னங்கள் முளைக்கும். அவற்றுக்கும் பிறகே புதர்களும் மரங்களும் வரும். பலகையைப் பார்க்காமலேயே எது பழையது, எது புதியது என்று சிறிது நேரத்தில் அவளே சொல்லத் தொடங்கிவிடுவாள்.

2007 ஏப்ரல் ஓட்டத்தின் முன் சற்று அதிக நேரம் நில்லுங்கள். அந்த வெடிப்பின்போது மலையுச்சியிலிருந்த டோலோமியூ வாயின் தரை சுமார் 330 மீட்டர் ஆழத்துக்கு உள்ளே சரிந்தது. கீழே குழம்பு நெடுஞ்சாலையை மூடிக் கடலில் விழுந்தது. ஓட்டத்தின் கனம் சில இடங்களில் பத்து மாடிக் கட்டட உயரத்தையும் தாண்டும். அதன் உட்புறம் ஆறப் பல்லாண்டுகள் பிடித்தன. மழை பெய்தால் பாறை இடுக்குகளிலிருந்து நீராவி எழுவதை வெடிப்புக்கு நெடுநாள் பின்னரும் மக்கள் பார்த்தார்கள். அருகே த்ரம்ப்ளேயில் அதே வெடிப்பால் உருவான கடற்கரையில் கறுப்பு மணலைக் கையில் அள்ளி வெயிலில் சாய்த்துப் பார்த்தால், நடுவே பச்சைக் கண்ணாடித் துகள் போல ஒளிர்பவை தெரியும். அவை ஒலிவின் படிகங்கள். பூமியின் ஆழத்திலிருந்து குழம்போடு ஏறி வந்தவை. பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். எர்த்கேச் விதிகளும் மாதிரி எடுப்பதை அனுமதிப்பதில்லை. அந்தக் கரையில் கடலில் இறங்கவும் கூடாது. தெற்கிலிருந்து வரும் குளிர்காலப் பேரலைகள் முன்னறிவிப்பின்றிப் பாறை மேல் ஏறும்.

பித்தோன் சேந்த் ரோஸில் 1977-இன் குழம்பு தேவாலயத்தைச் சுற்றி வளைத்து, வாசலுக்குள் நுழைந்து நின்றுவிட்டது. அந்த ஓட்டத்தின் உறைந்த விளிம்பை இன்றும் கையால் தொடலாம். ரிவியேர் தே ரோஷ் ஆற்றின் பாசேன் லா பே அருவியருகே, மெதுவாகக் குளிர்ந்து சுருங்கிய குழம்பு அறுகோணத் தூண்களாகப் பிளந்து நிற்பதைப் பார்க்கலாம். மேற்கே எத்தான் சலேயில் கரிய மணல். சற்று வடக்கே சேன் ஜில் பக்கம் பவளத்தால் ஆன வெண்மணல். இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்து ஒப்பிட முடிவது பெரும்பேறு.

நம் மக்கள் அறிய வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. இத்தீவை உருவாக்கிய அதே வெப்பப்புள்ளியின் (பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் இடத்தின்) மேல்தான் சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அப்போது வெளிப்பட்ட குழம்பே மகாராட்டிரத்தின் தக்காணப் படிக்கட்டுப் பாறைகள். இந்தியா வடக்கே விலகிச் செல்லச் செல்ல மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றின் அடித்தளங்களும், பின்னர் மொரீசியசும், இறுதியில் ரியூனியனும் தோன்றின. கையில் ஜிபிஎஸ் வைத்திருக்கும் சிறுமிக்கு, தரையே நகர்ந்து செல்லும் வழித்தடத்தை வரைபடத்தில் காட்டிவிட்டு அழைத்துச் செல்லுங்கள்.

ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். எரிமலைப் பாறையில் மேக்னடைட் என்னும் காந்தக் கனிமம் கலந்திருக்கிறது. இதனால் ஜிபிஎஸ் பாதிக்கப்படாது. ஆனால் கைபேசியின் உள்ளே இருக்கும் திசைகாட்டி பாறைக்கு மிக அருகில் பல பாகைகள் விலகிக் காட்டக்கூடும். கடைசிப் பத்து மீட்டரில் நாம் பெரும்பாலும் அந்த அம்பையே நம்புகிறோம். கைபேசியைப் பாறை மேல் வைத்துப் பார்க்க வேண்டாம். மார்பு உயரத்தில் பிடித்து, பாதுகாப்பான பாதையில் சில அடிகள் நேராக நடந்து, இடைவெளித் தூரம் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். அம்பு ஒன்றைக் காட்டித் தூரம் வேறொன்றைச் சொன்னால், தூரத்தையே நம்புங்கள்.

பெட்டகம் எழுதியது:

பெட்டி மறைத்து வைக்க வேண்டும் என்ற உங்கள் விருப்பத்துக்கு, பல ஆண்டுகளாகப் பெட்டிகளைப் பராமரித்து வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். கோயிலை விடுங்கள், தீவில் வேறு எங்குமே வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. விடுமுறைக்குச் சென்ற இடத்தில் பெட்டி வைத்தால், அதைப் பராமரிக்க உள்ளூரில் ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார் என்று காட்டாத வரை ஜியோகேச்சிங் தளத்தின் மதிப்பாய்வாளர்கள் பொதுவாக அதை வெளியிடுவதில்லை. நிலத்தின் உரிமையாளரிடம் அனுமதியும் பெற்றிருக்க வேண்டும். பூங்காவின் மையப் பகுதி என்றால் நிர்வாகத்திடம் எழுதிக் கேட்காமல் ஒரு சிறு குப்பியைக்கூட விட்டுவரக் கூடாது.

இந்த விதியை நான் வெறும் சட்டமாகப் பார்க்கவில்லை. தீவின் கிழக்குச் சரிவுகளின் மேற்பகுதியில் ஆண்டு மழை 10 மீட்டரைத் தாண்டும் இடங்கள் உண்டு. அந்த ஈரத்தில் தகரப் பெட்டி துருப்பிடிக்கும். ரப்பர் வளையம் தளர்ந்த நெகிழிப் பெட்டிக்குள் நீர் புகுந்து, பதிவேடு கூழாகிப் பூஞ்சணம் பூக்கும். புயல் வந்தால் பெட்டியோடு அது இருந்த மரமும் ஓடைக்குள் போய்விடும். கவனிக்க ஆளில்லாத பெட்டி ஓராண்டுக்குள் குப்பையாகிவிடும். மலைப்பாதையில் நம் பெயரோடு குப்பை கிடப்பதை நாம் விரும்ப மாட்டோம்.

மாற்று வழி ஒன்று இருக்கிறது. எண் பொறித்த டிராக்கபிள் வில்லை ஒன்றை வாங்கி, மகளின் விருப்பத்தை அதற்குரிய இணையப் பக்கத்தில் எழுதி, நல்ல நிலையில் உள்ள ஒரு பெட்டியில் இட்டுவிடுங்கள். அடுத்தடுத்து வருபவர்கள் அதை எடுத்துச் சென்று வேறு பெட்டிகளில் வைப்பார்கள். அது எந்தத் தீவைக் கடக்கிறது, எந்த நாட்டை அடைகிறது என்பதை அவள் வீட்டிலிருந்தே பின்தொடரலாம். அதோடு, ஈரமான பதிவேடுகளைக் கண்டால் மாற்றி வைப்பதற்கு நீர் புகாத தாள்கள் சிலவற்றையும் சிறு நெகிழிப் பைகளையும் கொண்டு செல்லுங்கள். பெட்டிக்கு உரியவருக்கு அது பெரிய உதவி. மையில் எழுதும் பேனாவை நம்பாமல் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் தேடும்போது வெறுங்கையைக் கல்லிடுக்கில் விடக் கூடாது. தீவில் மனிதரைக் கொல்லும் நச்சுப்பாம்புகள் இல்லை. ஆனால் பெரிய பூரான்களும் குளவிக் கூடுகளும் உண்டு. முதலில் குச்சியால் தட்டிப் பாருங்கள், பிறகு கையுறையோடு தொடுங்கள். முட்போல் கூர்மையான பாறைப் பரப்பில் தடுமாறினாலும் அந்தக் கையுறையே உள்ளங்கையைக் காக்கும். ஓடை நீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்பதால், காலில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் நீரில் இறங்க வேண்டிய பெட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

மஃபாத் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. அதற்குள் சாலையே கிடையாது. நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் செல்ல முடியும். கணுக்கால் சுளுக்கினால்கூட வெளியேறுவது சிரமம். முதல் முறை செல்பவர்கள் சிறுமியோடு அங்கே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வழித்துணை எழுதியது:

இவ்வளவு பொறுப்போடு எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோயிலருகே பெட்டி வைக்கும் எண்ணத்தை முழுமையாகக் கைவிட்டுவிட்டோம். அக்கா சொன்னதை மகளுக்கும் படித்துக் காட்டினேன். வழிபடுவதற்கு மட்டும் வருகிறோம். டிராக்கபிளுக்குப் பெயர் தேடும் வேலையை அவள் இப்போதே தொடங்கிவிட்டாள். கருங்கல் ஐயா கூறிய ஒலிவின் மணலைப் பார்க்கச் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றையும் பையில் வைத்துவிட்டோம்.

மஃபாத் குறித்து மட்டும் மனம் இன்னும் ஊசலாடுகிறது. மகள் பிரான்சின் ஓவர்ஞ் மலைகளில் எங்களோடு நாள்முழுவதும் நடந்திருக்கிறாள்; களைப்பைத் தாங்குவாள். பெட்டகம் ஐயாவின் தயக்கத்தையும் மதிக்கிறேன். அக்கா, உள்ளூரில் இருப்பவர் என்ற முறையில் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

புதுவைக்காற்று எழுதியது:

பெட்டகம் அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இந்த ஒன்றில் மாறுபடுகிறேன். மஃபாத்தில் குடும்பங்கள் வாழ்கின்றன, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் அந்தப் பாதைகளில் அன்றாடம் நடக்கிறார்கள். நாள்முழுவதும் நடந்து பழகிய சிறுமிக்கு, கோல் தே பெஃப் கணவாயிலிருந்து லா நூவெல் ஊர் வரை உள்ள பாதை கடினமன்று. சுமார் இரண்டு மணி நேரத்தில் அடைந்துவிடலாம். பாதையும் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. பகலுணவுக்கு முன் லா நூவெல் சேர்ந்து, இரவு அங்குள்ள விடுதியில் தங்கி, மறுநாள் காலையில் அதே வழியில் ஏறி வந்துவிடுங்கள். ஏற்றத்துக்கு இறக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

ஆனால் அங்கே பெட்டிகளைத் தேடுவதை நடையின் நோக்கமாக்க வேண்டாம் என்பதில் பெட்டகம் அவர்களோடு உடன்படுகிறேன். பாதையோரத்திலேயே இருப்பவற்றை மட்டும் பாருங்கள். வழியில் ஓடை பெருகியிருந்தாலோ, பாதை மூடப்பட்டதாக வனத்துறையின் அறிவிப்பு இருந்தாலோ திரும்பிவிடுங்கள். மலைப்பாதைகளின் நிலையை வனத்துறையினர் இணையத்தில் வெளியிடுகிறார்கள். புறப்படும் நாளுக்கு முந்தைய மாலை அதைப் பாருங்கள். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் விடுதிக்காரரிடமோ நண்பரிடமோ சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அவசரத்துக்கு 112 என்ற எண்ணை அழைத்தால் மலை மீட்புக் காவலர்கள் வருவார்கள். இணைப்புக் கிடைக்காத இடங்கள் இருப்பதால், கைபேசியில் இணைப்புக் கோடு கடைசியாகத் தெரிந்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் ஒரு புள்ளியாகக் குறித்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

மலை ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும் காலணியின் அடிப்பகுதியைத் தேய்த்துக் கழுவுங்கள். தாழ்நிலத்திலிருந்து ஒட்டிவரும் கொய்யா இனத்துச் செடிகளின் விதைகள், மேலே உள்ள தனித்துவமான காட்டை நெருக்கிக்கொண்டிருக்கின்றன.

ஆகஸ்டில் பிரான்சிலிருந்தும் நிறையப் பேர் வருவதால், மஃபாத் விடுதிகள் வெகு முன்பே நிரம்பிவிடும். பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது என்பதால் இந்த வாரமே லா நூவெலில் இடம் கேட்டு அழையுங்கள். இரவுணவையும் அப்போதே சொல்லிவைக்க வேண்டும். அங்கு வரும் அரிசியும் பருப்பும் பெரும்பாலும் ஹெலிகாப்டரில்தான் வந்து இறங்குகின்றன என்பதால், முன்கூட்டிச் சொல்லாதவர்களுக்குச் சமைத்துத் தருவது அவர்களுக்குக் கடினம்.